மறைந்த கிளப் உறுப்பினருக்குச் செய்ய வேண்டியவை: படத்திறப்புக்கு முன்னும் பின்னும்

பழைய கார் கிளப்பில் ஒருவர் தவறிவிட்டால் அடுத்த சில நாட்களில் என்ன செய்வது என்று நம்மூரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுவோம், மாலையோடு போவோம், காரியத்தன்று படத்திறப்பு வைப்போம். அதற்குப் பிறகுதான் எல்லாம் விட்டுப்போகிறது. ஒரு வருஷம் கழித்து அந்த வீட்டுப் பக்கம் போனால், தார்ப்பாய் போட்ட அம்பாசிடர் காற்று இறங்கிய டயரோடு நிற்கும். ஆர்.சி. இறந்தவர் பெயரிலேயே இருக்கும். வண்டியை ஓட்டவும் வழியில்லை, முறையாக விற்கவும் வழியில்லை. கடைசியில் யாரோ இரும்பு விலைக்குக் கேட்பார்கள், வீட்டில் இருப்பவர்களும் இடம் காலியானால் போதும் என்று கொடுத்துவிடுவார்கள். அந்த மனிதர் பாதி ஆயுளைப் போட்டுப் பார்த்துக்கொண்ட வண்டி அது.

படத்துக்கு மாலை போடுவது அஞ்சலியில் சிறு பங்கு என்றே நாங்கள் நினைக்கிறோம். அவருடைய வண்டி வாரிசு பெயரில் ஓடுகிறதா, அவருக்குத் தெரிந்த விஷயம் இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்ததா, இந்த இரண்டும்தான் பெரும் பங்கு. புதுச்சேரியிலும் கடலூரிலும் இந்த வேலைகளைச் செய்தவர்கள் என்ற முறையில், தெரிந்ததை விவரமாக எழுதுகிறோம்.

முதல் 30 நாள்

துக்கம் கேட்கக் கிளப்பே கும்பலாகப் போகலாம். ஆவணம் பற்றிப் பேச மட்டும் ஒருவர் தனியாகப் போக வேண்டும். அந்த வீட்டில் முன்பே பழகியவர், அண்ணி என்றோ அம்மா என்றோ உரிமையோடு கூப்பிடக்கூடியவர் போவது நல்லது. காரியம் முடியும் முன் இதையெல்லாம் பேசலாமா என்று தயக்கம் வரும். பேசத்தான் வேண்டும், ஏனென்றால் சட்டத்தில் கெடு இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 56 சொல்வது இது: உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள், அவர் இறந்த விவரத்தையும் வண்டியைத் தான் பயன்படுத்தப்போவதையும் வாரிசு போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டால், இறந்த நாளிலிருந்து 3 மாதம் வரை வண்டி தன் பெயருக்கு மாறிவிட்டதுபோல ஓட்டலாம். அந்த 3 மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும்.

இதில் 30 நாள் கடிதத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு பக்கம் போதும்: வண்டி எண், இறந்த தேதி, வாரிசின் பெயர், உறவு, கையெழுத்து. இரண்டு நகல் கொண்டுபோய் ஒன்றில் அலுவலக முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் நாள் அவருடைய வண்டியை ஊர்வலத்தில் கொண்டுவர வேண்டும் என்று குடும்பத்துக்கு ஆசை இருந்தால், இந்தக் கடிதம் அதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

படிவம் 31-உடன் விதிப்படி வேண்டியவை ஆர்.சி., இன்சூரன்ஸ், இறப்புச் சான்றிதழ், கட்டணம். அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் கேட்பார்கள், அவற்றையும் சேர்த்தே தயார் செய்யுங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் இல்லை. புதுச்சேரியில் நகராட்சி அல்லது கொம்யூன் பஞ்சாயத்தில் பதிவு நடக்கும். இறப்புச் சான்றிதழில் பெயர் ஏறும்போதே ஆர்.சி.யைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஆர்.சி.யில் இனிஷியலோடு ஒரு மாதிரி, ஆதாரில் அப்பா பெயரை முழுதாக விரித்து இன்னொரு மாதிரி இருந்தால், பிறகு அஃபிடவிட்டுக்கு அலைய வேண்டும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் இது இன்னும் சிக்கல், பிரெஞ்சு ஆவணங்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள்) வீடுகளில் பென்ஷன் வேலைக்கு எப்படியும் பிரெஞ்சுத் துணைத் தூதரகத்துக்கு இறப்பைத் தெரிவிப்பார்கள். வண்டிக்குத் தேவையான நகல்களையும் அப்போதே எடுத்துவிடலாம்.

பழைய வண்டிகளில் சில பொறிகள் உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது, வண்டி இறந்தவர் பெயருக்கே மாறாமல் இருப்பது. மூன்றாவது கையாக வாங்கி, முந்தைய உரிமையாளர் கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு இருபது வருஷம் ஓட்டியிருப்பார். சட்டப்படி அவர் உரிமையாளர் இல்லை என்பதால் படிவம் 31 செல்லாது. ஆர்.சி.யில் பெயர் உள்ளவரையோ அவருடைய வாரிசுகளையோ தேடிப்பிடித்து விற்பனைக்கான 29, 30 படிவங்களில் புதிதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். அவர்களும் வயதானவர்களாக இருப்பார்கள், இதைத் தள்ளிப்போடக் கூடாது.

அடுத்தது எல்லைப் பிரச்சினை. புதுச்சேரி எண் (பி.ஒய். 01) வண்டி கடலூரில் நிற்கும், கடலூர் எண் (டி.என். 31) வண்டி புதுச்சேரிப் பக்கம் அரியாங்குப்பத்தில் நிற்கும். எல்லையில் உள்ள முள்ளோடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வருகிற நமக்கு இது ஒரே ஊர்தான். ஆனால் இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. வாரிசு எந்தப் பக்கம் குடியிருக்கிறார் என்பதைப் பார்த்து, பெயர் மாற்றத்துக்கு முன்பே படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்.

எண்பதுகளில் வாங்கிய கடன் அடைந்து பல காலம் ஆகியும் ஆர்.சி. புத்தகத்தில் ஹைப்பாதிகேஷன் (வண்டி மேல் வங்கிக் கடன் இருக்கும் குறிப்பு) அப்படியே இருக்கும். படிவம் 35-உம் வங்கிக் கடிதமும் வேண்டும், அந்த வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் இணைந்த வங்கியிடம் போக வேண்டும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. புத்தகம் என்றால், போக்குவரத்துத் துறையின் ‘வாகன்’ கணினிப் பதிவில் அந்த எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் பேக்லாக் என்ட்ரி (பழைய விவரத்தைக் கணினியில் ஏற்றுவது) போட்ட பிறகுதான் மற்ற எதுவும் நகரும்.

இன்சூரன்ஸ் பாலிசி, உரிமையாளர் இறந்த நாளிலிருந்து 3 மாதம் அல்லது அதன் காலாவதி தேதி, எது முன்னால் வருகிறதோ அதுவரை செல்லும். அதற்குள் வாரிசு பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பாலிசியில் உரிமையாளர் ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். செல்லத்தக்க லைசென்ஸோடு தன் வண்டியை ஓட்டிப்போய் விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு அதில் 15 லட்சம் ரூபாய் உண்டு. மூன்றாம் நபர் பாலிசி மட்டும்தானே இருக்கிறது என்று பல குடும்பங்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

விபத்தில் போனவர் என்றால் இன்னும் இரண்டு விஷயம். மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்து அறிக்கை தரும்வரை வண்டியை டிங்கரிடம் விடக் கூடாது, கழுவக்கூடக் கூடாது. இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். வழக்கு நடக்கும்போது கிளப் போடும் அஞ்சலிக் குறிப்பில் “வேகமாக வந்தபோது”, “டயர் வெடித்து” என்று காரணம் எதையும் எழுதாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் கைக்கு அது போகும்.

விலை கேட்டு வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாவு வீட்டிலேயே மெதுவாகக் காதில் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. முதல் 3 மாதம் கிளப்பில் எவரும் அந்த வண்டிக்கு விலை பேசக் கூடாது என்று எழுதாத சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள், தலைவரும் அதற்கு விலக்கல்ல. குடும்பம் விற்க முடிவெடுத்தால் இரண்டு வெளி ஆட்களிடம் மதிப்புக் கேட்டுச் சொல்லலாம். ஷெட்டில் உள்ள உதிரி பாகங்களைப் படம் எடுத்துப் பட்டியல் போட்டு வீட்டில் ஒரு நகல் கொடுங்கள். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் ஒரு ஜோடி டெயில் லாம்ப் கண்ணாடிக்கு என்ன மதிப்பு என்று வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. பழைய சாமான் என்று எடைக்குப் போவது பெரும்பாலும் இவைதான்.

நிற்கும் வண்டி

ஆவணம் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி சும்மா நிற்கும். கடலுக்குப் பக்கத்தில் சும்மா நிற்பதே அதற்குக் கெடுதல்.

செய்ய வேண்டிய முதல் வேலை ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பது. போட்டபடி விட்டால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். டயரில் வழக்கத்தைவிட 8, 10 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று வையுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் தார்ப்பாய் உப்பு ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துவிடும், காற்றுப் போகும் துணிக் கவர்தான் சரி. கதவின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் கம்பியால் குத்திவிடுங்கள். பம்பர் குரோமில் மெல்லிசாக வாசலின் தடவிவிட்டால் உப்புக் காற்று பிடிக்காது. சைலன்சர் வாயில் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் எலி குடியேறும்.

வீட்டில் மகனோ மருமகனோ ஆசையாக வாரம் ஒருமுறை வந்து ஸ்டார்ட் செய்து 5 நிமிஷம் ஐடிலில் விட்டு அணைப்பார். அன்பினால் செய்வதுதான், ஆனால் வண்டிக்கு அது தீங்கு. எஞ்சின் முழுதாகச் சூடாவதற்குள் அணைத்தால் சைலன்சருக்குள் தண்ணீர் நிற்கும், சோக் இழுத்த பெட்ரோல் ஆயிலில் கலக்கும், செல்ஃப் இழுத்த சார்ஜும் பேட்டரிக்குத் திரும்பாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10, 15 கிலோமீட்டர் ஓட்டுங்கள். முடியாவிட்டால் ஸ்டார்ட் செய்யாமலே விட்டுவிடுங்கள்.

ஒரு வருஷத்துக்கு மேல் நின்றுவிட்ட வண்டியை முதல் ஆண்டு நினைவு நாளுக்கு எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். குறைந்தது ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள், சாவியைப் போட்டுத் திருப்பிவிடாதீர்கள். டேங்கில் இருப்பதை வடித்துவிட வேண்டும். இப்போது வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், நின்றால் ஈரம் இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரமையும் கெடுக்கும். கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 10 மில்லி எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற விடுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, ஹேண்டில் போடும் வசதி இருந்தால் ஹேண்டிலால், இல்லாவிட்டால் ஃபேன் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டு, மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். இறுகினால் பலம் கொடுக்காமல் மறுபடியும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். சுலபமாகச் சுற்றினால், பிளக் இல்லாமலே செல்ஃபில் சுற்றி ஆயில் பிரஷர் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிளக்கை மாட்டுங்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு வெளியில் ஒரு சிறு கேனில் புதுப் பெட்ரோல் வைத்து ஹோஸ் கொடுப்பது நல்லது.

பேட்டரி மாட்டும்போது கவனம் தேவை. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் சிலவற்றில் பாசிட்டிவ்தான் பாடிக்குப் போகும். பேட்டரி கடைப் பையன் வழக்கம்போல் நெகட்டிவை பாடியில் மாட்டிவிட்டால் டைனமோ கட்அவுட் போய்விடும். கழற்றும் முன்பே போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள்.

எஞ்சின் ஓடினாலும் பிரேக் சரியாகிவிட்டது என்று பொருளில்லை. வீல் சிலிண்டரில் கப் இறுகியிருக்கும், பழைய பிரேக் ஆயில் ஈரம் இழுத்து உள்ளே துருப்பிடிக்க வைத்திருக்கும். நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்த்து, கிட் மாற்றி, புது ஆயில் ஏற்றி பிளீட் செய்யாமல் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றாமல்) தெருவுக்குக் கொண்டுவரக் கூடாது. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். பட்டன் புதிதுபோல் இருந்தாலும் வருஷம் பழையது என்றால் ஊர்வலத்துக்குக்கூட நம்ப வேண்டாம்.

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோது தெருத்தெருவாகத் தண்ணீர் நின்றதே, அப்படித் தண்ணீரில் மூழ்கிய வண்டி என்றால் மேலே சொன்ன எதையும் தொடங்கும் முன் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் எஞ்சினைச் சுற்றவே கூடாது. எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றிலும் ஆயிலை வடித்து மாற்றிய பிறகுதான் மற்றவை.

ஊர்வலம்

கடற்கரைச் சாலையில் தினமும் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி விட மாட்டார்கள். கார்கள் காந்தி சிலை முன் விடியற்காலையில் அணிவகுத்தால் அழகாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேறிடத்தில் கூடி, 7.30-க்குப் பிறகு ஒரு சுற்று வந்துவிட்டுக் கலைவதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். போலீஸ் அனுமதிக்கு வண்டி எண்கள், பாதை, நேரம், பொறுப்பாளர் போன் எண் எழுதிய கடிதத்தை ஒரு வாரம் முன்பே கொடுங்கள். கடலூர் வரை போவதானால் முள்ளோடையைத் தாண்டியதும் ரெட்டிச்சாவடி தமிழ்நாட்டுப் போலீஸ் எல்லை, அங்கும் தனிக் கடிதம் வேண்டும்.

அஞ்சலி ஊர்வலம் என்றாலே ஆள் நடக்கும் வேகத்தில் போக வேண்டும் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. பழைய வண்டிக்கு அது ஆகாது. அம்பாசிடரிலும் பத்மினியிலும் ஃபேன் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுவது. ஐடிலில் மெதுவாகச் சுற்றும், ரேடியேட்டருக்குக் காற்றுப் போதாது. எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் பம்பு சூடேறி, குழாயில் பெட்ரோல் ஆவியாகி வண்டி இழுத்து இழுத்து நிற்கும். எத்தனால் பெட்ரோலில் இது இன்னும் சீக்கிரம் வருகிறது. இரண்டாம் கியரில் 20, 25 கிலோமீட்டர் வேகம், வண்டிக்கு வண்டி இரண்டு கார் நீள இடைவெளி, இதுதான் எல்லா வண்டிக்கும் தாங்கும். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய காட்டன் துணியும் இருக்கட்டும். நின்றுவிட்டால் பம்பு மேல் ஈரத்துணியைச் சுற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தால் திரும்ப எடுக்கும். அரியாங்குப்பம் பாலம், தவளக்குப்பம் சந்திப்பு இரண்டிலும் நெரிசலில் சிக்காமல் இருக்க ஞாயிறு காலை 9 மணிக்குள் அந்தப் பகுதியைக் கடந்துவிட வேண்டும்.

ஹெட்லைட் போட்டுக்கொண்டு போவது மரியாதை. ஆனால் டைனமோ உள்ள வண்டியில் குறைந்த ஓட்டத்தில் சார்ஜ் ஏறாது, அரை மணியில் பேட்டரி இறங்கிவிடும். ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிகள் ஹெட்லைட்டும், டைனமோ வண்டிகள் பார்க்கிங் லைட்டும் போடட்டும். பத்துக்கு மேல் வண்டி இருந்தால் இரண்டு அணியாகப் பிரித்து, அணிக்கு ஒரு புது வண்டியைக் கடைசியில் விடுங்கள். பழைய வண்டிகளில் ஹசார்ட் லைட் கிடையாது. நின்றுவிட்ட வண்டிக்குப் பின்னால் நிற்க அந்த வண்டி உதவும். ஆம்புலன்ஸ் வந்தால் மொத்த வரிசையும் இடது ஓரம் கட்ட வேண்டும் என்பதைப் புறப்படும் முன் எல்லோருக்கும் வாயால் சொல்லிவிடுங்கள்.

இறந்தவரின் வண்டி முன்னால் போகட்டும், ஓட்டுபவர் மகளோ மகனோ ஆனால் நல்லது. அவர்களுக்கு அந்த கியர் பழக்கமில்லாவிட்டால் அவருடைய மெக்கானிக் ஓட்டலாம், அந்த உரிமை அவருக்கு உண்டு. வண்டி ஓடும் நிலையில் இல்லையென்றால் முதல் வண்டிக்குப் பின்னால் ஒரு கார் இடத்தைக் காலியாக விட்டுப் போங்கள். கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதை நாங்கள் ஒப்புக்கொள்வதில்லை. பிரேக் நிச்சயமில்லாத வண்டி அது.

மாலையைக் கட்டும் கம்பி பானட் பெயின்ட்டைக் கீறும், நூலால் கட்டச் சொல்லுங்கள். சந்தனமும் குங்குமமும் நேராக பெயின்ட் மேல் வைத்தால் வெள்ளை வண்டியில் கறை போகாது. கண்ணாடியில் வைக்கலாம், அன்றே தண்ணீர் விட்டுக் கழுவலாம். உதிர்ந்த பூ வைப்பருக்குக் கீழே உள்ள காற்றுத் துளைகளில் இறங்கி வடிகாலை அடைத்து, அடுத்த மழையில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். ஊர்வலம் முடிந்ததும் பூவைக் கையால் பொறுக்கிவிடுங்கள். கறுப்பு ரிப்பன் ஒரு அங்குல அகலம், ஒரு அடி நீளம் போதும், வைப்பரில் சிக்காத பக்கமாக மிர்ரரில் கட்டுங்கள். கற்பூரம், விளக்கு எதுவும் வண்டிக்குப் பக்கத்தில் வேண்டாம், கார்புரேட்டர் வண்டியில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் கசிவு இருக்கும். கடலோரம் போய் வந்த வண்டிகளுக்கு அன்று மாலையே அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்துவிட வேண்டும்.

படம், எழுத்து, தகடு

படத்திறப்புக்கு 12-க்கு 18 அங்குலப் படம் தெளிவாக வர 3600-க்கு 5400 பிக்சல் வேண்டும், அதில் பாதி இருந்தாலும் சமாளிக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வரும் படம் அந்தப் பாதிக்கும் எட்டாது. மூலப்படத்தை டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். பழைய பிரின்ட் கிடைத்தால் 600 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்யுங்கள். இப்போது ஸ்டுடியோக்களில் ஏ.ஐ. போட்டு முகத்தைத் துலக்கித் தருகிறார்கள். பல்வரிசையும் கண்ணும் மாறி வேறொரு ஆள் ஆகிவிடுகிறது, முதலில் கண்டுபிடிப்பது மனைவிதான். மங்கலாக இருந்தாலும் அவர் முகமாகவே இருக்கட்டும். வண்டி மேல் கைவைத்து நிற்கும் படம் கிடைத்தால் அதையே போடுங்கள்.

போஸ்டரிலும் கல்லிலும் பெயரில் பிழை வருவதற்கு முக்கியக் காரணம் எழுத்துரு. நாம் போனிலிருந்து யூனிகோடில் அனுப்புவோம், அச்சகத்தில் பாமினி போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஸ்ரீ, ஔ போன்றவை உடையும், ஒற்றெழுத்தின் புள்ளி விழும். கடைசிப் புரூஃபைப் படமாக வாங்கி, குடும்பத்தில் இருவர் படித்து ‘சரி’ என்று எழுதிய பிறகே அச்சுக்கு. இனிஷியல், ல ள ழ, ர ற, தேதி, இந்த நான்கையும் தனியாகப் பாருங்கள். கல்லில் செதுக்கிய பிறகு திருத்த முடியாது. தெருவில் ஃபிளெக்ஸ் வைப்பதற்குப் புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் கட்டுப்பாடு இருக்கிறது, வழியில் போகிறவர்களுக்கும் அது ஆபத்து. மண்டபத்துக்குள் ஒன்று போதும்.

கிளப் கூடும் இடத்தில் பெயர்ப் பலகை வைப்பதானால், கடலோரத்தில் 304 ரக எவர்சில்வர் தகடு சில மாதத்தில் பழுப்புப் புள்ளி விடும், 316 ரகம் கேட்டு வாங்குங்கள். அல்லது கறுப்பு கிரானைட்டில் செதுக்குங்கள். பெயர் சேர்ந்துகொண்டே போகும், ஆகவே கீழே இடம் விட்டுச் செய்யுங்கள். வண்டிக்குள் சிறு பித்தளைத் தகடு வைப்பது நல்ல வழக்கம். ஆனால் டேஷ்போர்டில் துளை போடாதீர்கள், வெயிலில் நிற்கும் காரின் சூட்டைத் தாங்கும் தரமான இரட்டைப் பக்க டேப் போதும். நம்பர் பிளேட்டில் “நினைவாக” என்று எதுவும் எழுதக் கூடாது, அபராதம் வரும்.

எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி அஞ்சலி பொருந்தாது. இஸ்லாமிய வீடுகளில் படம், மாலை, விளக்கு மூன்றும் வேண்டாம், போய் உட்கார்ந்து அவர்கள் துஆ செய்யும்போது அமைதியாக இருந்தால் போதும். மனைவி இத்தாவில் (கணவர் இறந்தபின் தனித்திருக்கும் காலம்) இருக்கும் 4 மாதம் 10 நாளும் அவரைக் கையெழுத்துக்காக அலுவலகத்துக்கு அலைக்கழிக்காதீர்கள், மகன் அல்லது மகள் பெயரில் விண்ணப்பம் போக வழி செய்யுங்கள். கிறிஸ்தவ நண்பர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள், அன்று மெழுகுவர்த்தியோடும் பூவோடும் போவது குடும்பத்துக்கு ஆறுதலாக இருக்கும். இந்து வீடுகளில் காரியம் சிலருக்கு 10, 13, சிலருக்கு 16, கேட்டுத்தான் தேதி வைக்க வேண்டும். அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவர் வண்டியை வரிசையில் நிறுத்தலாமா என்பதும் குடும்பம் சொல்ல வேண்டியது. ஒரு வருஷம் பண்டிகை கிடையாது என்று இருப்பவர்கள் நிறைய. ஆண்டு நினைவு பலருக்கும் திதிப்படி, ஆங்கிலத் தேதிப்படி அல்ல. கிளப் பதிவேட்டில் தேதியோடு தமிழ் மாதம், பிறை, திதி மூன்றையும் எழுதுங்கள். பிள்ளைகள் பிரான்சில் இருந்தால் ஆகஸ்ட் விடுமுறையை ஒட்டி வைத்தால் அவர்களும் வர முடியும்.

அவருக்குத் தெரிந்தவை

அம்பாசிடரின் பி சீரிஸ் பெட்ரோல் எஞ்சினுக்கு டாப்பெட் இடைவெளி 15 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ), பாயின்ட் 15 தௌ, பிளக் 25 தௌ என்பதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததுதான் ஆளோடு போகிறது: இந்த வண்டிக்கு எந்த ஒயர் எங்கே மாற்றிப் போட்டிருக்கிறது, திருட்டுத் தடுப்பு சுவிட்ச் எங்கே மறைந்திருக்கிறது, சென்னை புதுப்பேட்டையில் எந்தக் கடைக்காரர் பழைய கிங் பின் வைத்திருப்பார், எந்த லேத்தில் டிரம் சரியாகக் கடைவார்கள். ஆள் இருக்கும்போதே வண்டிப் பக்கத்தில் நின்று போனில் பதிவு செய்யுங்கள். நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்தால் பொதுவாகப் பேசுவார், பானட்டைத் திறந்து வைத்துக் கேட்டால் கை போகும் இடமெல்லாம் விஷயம் வரும்.

தவறிய பிறகு செய்யக்கூடியது, அவருடைய குரல் செய்திகளையும் டைரியையும் காப்பாற்றுவது. வாட்ஸ்அப் குழுவில் ஆரம்பத்திலிருந்து இருக்கும் ஒருவர் போனிலிருந்து குழு உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். அவருடைய எண்ணைக் குழுவிலிருந்து அன்றே நீக்க வேண்டாம், அதேபோல் நிரந்தரமாக விட்டுவிடவும் வேண்டாம். சிம் துண்டிக்கப்பட்டு 90 நாளுக்குப் பிறகு அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். இறந்தவர் பெயரில் யாரோ ஒருவர் “ஹலோ, யார் நீங்க” என்று குழுவுக்குள் வருவது குடும்பத்துக்குப் பெரிய வேதனை. காரியம் முடிந்ததும் வீட்டில் சொல்லிவிட்டு நீக்குங்கள்.

2011-இல் தானே புயலில் ஓடு பறந்த வீடுகளில் நனைந்து ஒட்டிப்போன ஆல்பங்கள் இன்னும் பீரோக்களில் இருக்கின்றன. அவற்றைப் பிய்க்காதீர்கள், பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யுங்கள். இனி ஒருமுறை நனைந்தால், காய விடாமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு ஒவ்வொன்றாகப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி துணியில் நிழலில் உலர்த்த வேண்டும். உடனே முடியாவிட்டால் பிளாஸ்டிக் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

இருப்பவர்களிடம் இப்போதே வாங்க வேண்டியது ஒரு தாள். சந்தா புதுப்பிக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுதட்டும்: ஆர்.சி. யார் பெயரில், அசல் எங்கே, இன்சூரன்ஸ் தேதி, இரண்டாவது சாவி யாரிடம், வழக்கமான மெக்கானிக், வண்டி யாருக்குப் போக வேண்டும். 2021-இலிருந்து ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்கலாம். புதிதாகப் பதியும்போது மட்டுமல்ல, பிறகும் சேர்க்க முடியும். சேர்த்திருந்தால் நாமினி இறப்புச் சான்றிதழைக் கொடுத்துப் பெயர் மாற்றிக்கொள்வது மிகச் சுலபம். 50 வருஷம் கடந்த வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்க நினைப்பவர்களும் நாமினியை அதற்கு முன்பே சேர்த்துவிடட்டும். தாளின் ஒரு நகல் செயலாளரிடம், ஒன்று வீட்டில். வண்டியின் கிளவ் பாக்ஸில் வைக்க வேண்டாம், வண்டி பூட்டியிருக்கும்போது சாவி எங்கே என்று எழுதிய தாளும் உள்ளேயே இருக்கும்.